210 குழந்தைகளா, 50 ஊர்களா: மாவட்டக் கணக்கெடுப்புக்கு எந்த மாதிரி?

ஒரு மாவட்டத்தில் 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் எத்தனை பேருக்கு எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும். கையில் சில லட்சம் ரூபாய், ஒன்றரை மாத அவகாசம், பத்துப் பன்னிரண்டு களப்பணியாளர்கள். தொண்டு நிறுவனமோ, மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோ, ஆய்வு மாணவரோ, யார் இந்த வேலையில் இறங்கினாலும் முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி ஒன்றுதான்: "மொத்தம் எத்தனை குழந்தைகளைப் பார்க்க வேண்டும்?" அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டும் என்பது என் வாதம். எத்தனை ஊர்களுக்குப் போகிறோம், போன ஊரில் குழந்தையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு அர்த்தம் வருகிறது.

பாடப்புத்தகங்கள் முதலில் சொல்லித்தருவது எளிய சமவாய்ப்பு மாதிரி. மாவட்டக் குழந்தைகள் எல்லோரின் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தால், குலுக்கல் முறையில் 400 பெயர்களை எடுத்துவிடலாம். உண்மை நிலவரம் 80 சதவீதமாக இருந்தால், அந்த 400 பேர் அதை ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி கூடுதல் குறைவுக்குள் சொல்லிவிடுவார்கள். கணக்கு அழகானதுதான். ஆனால் 400 பேரும் நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக்கிடப்பார்கள். ஒரு குழந்தைக்காக ஒரு பகல் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் பட்டியல். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடும் அங்கன்வாடிப் பதிவேடும் பயனுள்ள ஆவணங்கள், மறுக்கவில்லை. ஆனால் திட்டம் சென்றடைந்த குடும்பங்கள்தான் அவற்றில் இருக்கின்றன. செங்கல் சூளையில் ஆறு மாதம் தங்கி வேலைபார்க்கும் குடும்பமும், ஊர் ஊராக நகரும் கட்டடத் தொழிலாளர் குடும்பமும் அவற்றில் பெரும்பாலும் இல்லை. திட்டம் தவறவிட்ட குழந்தையைத் தேடப் போகும் கணக்கெடுப்பு திட்டத்தின் பதிவேட்டையே பட்டியலாக எடுத்துக்கொண்டால், களத்தில் இறங்கும் முன்பே விடை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆகவே இந்த வழியை விட்டுவிடலாம்.

மீதமுள்ளவற்றில் தீவிரமாக எடைபோட வேண்டியவை மூன்று: உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய 30×7 முறை, ஊர்களை அளவுக்கேற்ற வாய்ப்பில் தேர்ந்தெடுத்து, வீடுகளை நாமே பட்டியலிடும் இரண்டு கட்ட மாதிரி, 19 குழந்தைகளை மட்டும் பார்த்து ஒரு பகுதி தேறியதா இல்லையா என்று முடிவுசெய்யும் தொகுதித் தரச் சோதனை. இவற்றோடு ஒதுக்கீட்டு மாதிரியை யாராவது ஒருவர் கட்டாயம் முன்மொழிவார்; அதையும் பார்ப்போம்.

30×7: பேனா சுழன்ற திசை

பல நாடுகள் தங்கள் தடுப்பூசி நிலவரத்தை அறிந்துகொண்டது 30×7 முறையால்தான். மாவட்டத்தில் 30 ஊர்கள், ஊருக்கு 7 குழந்தைகள், ஆக 210. ஹென்டர்சனும் சுந்தரேசனும் 1982இல் எழுதிய கட்டுரை இதன் அனுபவங்களைத் தொகுத்தது. கணினி இல்லாத மாவட்ட அலுவலகம்கூட எளிதாகச் செய்து முடிக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது என்பதை மதிப்போடு சொல்ல வேண்டும். விடை 10 சதவீதப் புள்ளி கூடுதல் குறைவுக்குள் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு எளிய சமவாய்ப்பில் 96 குழந்தைகள் தேவை. ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் அதை இரட்டித்து 192 என்றாக்கி, 30 ஊர்களுக்குச் சமமாகப் பிரித்ததில் 210 வந்தது.

ஊர்களைத் தேர்ந்தெடுப்பது வரை இதில் பெரிய குறையில்லை. ஊருக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல். களப்பணியாளர் ஊரின் நடுவே நின்று ஒரு பேனாவையோ பாட்டிலையோ சுழற்றுவார். அது காட்டும் திசையில் ஊரின் எல்லை வரை வீடுகளை எண்ணி, அவற்றில் ஒன்றைச் சமவாய்ப்பில் எடுத்து, அங்கே தொடங்கி அடுத்தடுத்த அருகிலுள்ள வீடுகளுக்குப் போய் 7 குழந்தைகள் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இதைச் செய்து பார்த்தால் என்ன நடக்கும்? ஊரின் நடு என்று யாரைக் கேட்டாலும் கோயிலையோ பஸ் நிறுத்தத்தையோ காட்டுவார்கள். பேனா எந்தத் திசையைக் காட்டினாலும் அந்தத் திசையில் ஊர்த்தெருவின் வீடுகள் முடிகிற இடம்தான் எல்லை என்று களப்பணியாளர் எடுத்துக்கொள்வார். வயலுக்கு அப்பால், அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனி அந்த எண்ணிக்கைக்குள் வராது. கொங்குப் பகுதியாக இருந்தால் தோட்டங்களுக்குள் தனித்தனியே நிற்கும் சாளைகளும் வராது. பேனா காலனியின் திசையைக் காட்டினாலும், நடுவில் இருக்கும் வீட்டுக்கு எல்லாத் திசையிலிருந்தும் வாய்ப்பு கூடுதல். ஓரத்து வீட்டுக்குக் குறைவு. தடுப்பூசி தவறிய குழந்தை எங்கே இருக்கக்கூடும் என்று கேட்டால், களம் தெரிந்த எவரும் அந்த ஓரங்களைத்தான் காட்டுவார்கள். சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில் "நடுவிலிருந்து தொடங்கு" என்ற விதி நடுநிலையான விதி அல்ல. இந்த முறையின் மீது எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இதுதான்.

பூட்டிய வீடு இரண்டாவது துளை. 7 பேர் சேர்ந்தால் போதும் என்பதால், கதவு திறக்காவிட்டால் களப்பணியாளர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். காலை எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடும் தாய்மார்களின் குழந்தைகள் இப்படியே கழிந்துபோவார்கள். ஒரு குழந்தை தேர்வாவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று பின்னர் யாராலும் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாததால் எடையும், அதாவது அக்குழந்தை எத்தனை குழந்தைகளின் பிரதிநிதி என்ற எண்ணும், கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனமே 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தச் சுருக்கு வழிகளைக் கைவிட்டு, தெரிந்த வாய்ப்போடு தேர்ந்தெடுத்து எடையிட்டு ஆராயும் முறைக்கு மாறச் சொன்னது. ஆனாலும் 30×7 இன்னமும் ஆய்வேடுகளில் வந்துகொண்டிருக்கிறது.

ஊர்களைக் கூட்டு, ஊருக்குள் குறை

30×7 முறையில் ஒன்று சரியாக இருந்தது: ஊருக்கு 7 பேரோடு நிறுத்திக்கொண்டது. ஒரே ஊரில் ஒரே செவிலியர், ஒரே துணை சுகாதார நிலையம், ஒரே சாலை. முதல் ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்ததும் அந்த ஊரின் கதை பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. இருபதாவது குழந்தை சொல்லும் புதுச் செய்தி மிகக் குறைவு. புள்ளியியலில் இதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் பரவலாக்கிய சூத்திரம் எளியது. ஊருக்கு எடுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, ஊருக்குள் குழந்தைகள் ஒத்திருக்கும் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணே எளிய சமவாய்ப்போடு ஒப்பிடும்போது மாறுபாட்டின், அதாவது பிழையின் வர்க்கத்தின், பெருக்கம்.

30×7 முறை 7 பேருக்கு 2 என்ற விளைவை எடுத்துக்கொண்டது. அப்படியானால் ஒத்திருக்கும் அளவு ஆறில் ஒன்று. அதே அளவை வைத்து, பலரும் விரும்பும் ஏற்பாடு ஒன்றைப் பார்ப்போம்: 20 ஊர்கள், ஊருக்கு 20 பேர், மொத்தம் 400. விளைவு 4.17. அதாவது 400 குழந்தைகளும் சேர்ந்து, எளிய சமவாய்ப்பில் எடுத்த 96 குழந்தைகளின் வலுவைத்தான் தருகிறார்கள். 30 ஊர்களில் எடுத்த 210 பேர் 105 பேரின் வலுவைத் தந்தார்கள்! ஏறத்தாழ இரு மடங்கு குழந்தைகளைப் பார்த்தும் விடை சற்றே மோசமாகிவிட்டது. அறிக்கையில் "மாதிரி அளவு 400" என்று எழுதும்போது இருக்கும் கம்பீரம் கணக்கில் இல்லை.

50 ஊர்கள், ஊருக்கு 8 பேர் என்றால் அதே 400 பேர் ஏறத்தாழ 185 பேரின் வலுவைத் தருகிறார்கள். உண்மை நிலவரம் 80 சதவீதமாக இருந்தால், 20×20 ஏற்பாட்டில் பிழையின் எல்லை 8 சதவீதப் புள்ளி. 50×8 ஏற்பாட்டில் 6க்குச் சற்றுக் குறைவு.

செலவும் கூடும் என்பது நியாயமான எதிர்வாதம். ஓர் ஊருக்குப் போய் வீடுகளைப் பட்டியலிட 8,000 ரூபாய், ஒரு குழந்தையின் வீட்டில் பேட்டி எடுக்க 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20×20 ஏற்பாட்டுக்கு 3.6 லட்சம், 50×8க்கு 6 லட்சம். இடையில் 40×8 என்றால் 4.8 லட்சத்தில் 148 பேரின் வலு கிடைக்கும். ஊருக்கு எத்தனை பேர் என்பதற்கும் சூத்திரம் உண்டு: ஊர்ச் செலவு பேட்டிச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, ஒத்திராத அளவை (ஒன்றிலிருந்து ஒத்திருக்கும் அளவைக் கழித்தது) ஒத்திருக்கும் அளவால் வகுத்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இங்கே 16ஐ 5ஆல் பெருக்கினால் 80. வர்க்கமூலம் 9க்குச் சற்றுக் குறைவு. 8 அல்லது 9 பேர் போதும். ஒத்திருக்கும் அளவு ஐம்பதில் ஒன்றாக மட்டுமே உள்ள ஒரு பண்பை அளந்தால் இதே செலவில் ஊருக்கு 28 பேர் வரை எடுப்பது பொருந்தும். எதை அளக்கிறோம் என்று தெரியாமல் "ஊருக்கு இத்தனை" என்று யாரும் சொல்ல முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வு ஊருக்கு 22 வீடுகளை எடுத்ததென்றால், நூற்றுக்கணக்கான குறியீடுகளை ஒரே பயணத்தில் அளக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. ஒரே ஒரு குறியீட்டைத் தேடிப் போகிறவர் அந்த 22ஐ அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பட்டியலிடும் இரண்டு நாள்

ஆகவே என் தேர்வு இரண்டு கட்ட மாதிரி. ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் கொண்ட ஒரு சிறிய மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கிராமங்களையும் நகர வார்டுகளையும் வட்டவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வீடுகளின் எண்ணிக்கையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். 50 ஊர்கள் தேவையென்றால் இடைவெளி 4,000. ஒன்று முதல் 4,000க்குள் சமவாய்ப்பில் ஓர் எண். 1,730 என்று வந்தால் அந்த எண் விழும் ஊர் முதல் ஊர். அடுத்தது 5,730 விழும் ஊர், பிறகு 9,730. பெரிய ஊருக்குப் பெரிய வாய்ப்பு, சிறிய ஊருக்குச் சிறிய வாய்ப்பு. வட்டவாரி வரிசையால் மாவட்டத்தின் எல்லா மூலைகளும் தாமாகவே இடம்பெற்றுவிடும். இந்த அளவுக்கேற்ற வாய்ப்பின் கோட்பாட்டை ஹான்சனும் ஹர்விட்ஸும் 1943இல் வகுத்தார்கள். கூட்டிக்கொண்டே போகாமலும் இதைச் செய்யலாம் என்று 1951இல் டி.பி. லாகிரி ஒரு வழி காட்டினார். கணினி மலிந்துவிட்ட இன்று அது கட்டாயத் தேவையில்லை என்றாலும் படித்து மகிழ வேண்டிய அழகு அதில் உண்டு.

வீடுகளின் எண்ணிக்கைக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பலரும் நாடுகிறார்கள்; 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. அது பழையது என்பதற்காகத் தயங்க வேண்டாம், பழசை ஈடுகட்ட வழி இருக்கிறது. அந்த வழிதான் பட்டியலிடல். தேர்வான ஊருக்கு இருவர் போய், காலனி, தோட்டத்து வீடுகள், சூளைக் கொட்டகைகள், புதிய மனைப்பிரிவுகள் எல்லாவற்றையும் நடந்து, வரைபடம் போட்டு, எந்த வீட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தை இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து 8 குழந்தைகளைச் சமவாய்ப்பில் எடுப்பது அலுவலகத்தில் இருப்பவரின் வேலை. களப்பணியாளர் கையில் பெயர்கள்தான் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மாலையில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். மாற்று வீடு கிடையாது.

செலவைக் குறைக்கச் சொல்கிறவர்கள் முதலில் கைவைப்பது இந்தப் பட்டியலிடலில்தான். வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். காரணம் ஓர் எடுத்துக்காட்டில் தெரியும். பழைய கணக்கில் 400 வீடுகள் கொண்ட ஊர் தேர்வாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பட்டியலில் 20 குழந்தைகள் இருந்து 8 பேரை எடுத்தால் ஒரு குழந்தையின் மொத்த வாய்ப்பு 0.04, அக்குழந்தை 25 குழந்தைகளின் பிரதிநிதி. அதே பழைய எண்ணிக்கை கொண்ட இன்னோர் ஊர் நகரத்தின் விளிம்பில் வளர்ந்துவிட்டது. பட்டியலில் 40 குழந்தைகள். இங்கே வாய்ப்பு 0.02, எடை 50. பட்டியல் போட்டிருந்தால் இந்த இரட்டிப்பு எடை தானாக வந்துவிடும். போடாதவர் இரண்டு ஊர்க் குழந்தைகளையும் சமமாக எண்ணிக்கொண்டிருப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் நிறைந்த விளிம்புப் பகுதி பாதி கனத்தில் நின்றுவிடும்.

எடை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. தேவவிரத பாசு 1971இல் சொன்ன சர்க்கஸ் யானைக் கதை புள்ளியியல் வகுப்புகளில் நிலைத்துவிட்டது. 50 யானைகளின் மொத்த எடை வேண்டும். நடுத்தரமான சாம்போ என்ற யானையை மட்டும் நிறுத்து 50ஆல் பெருக்கினால் போதும் என்கிறார் உரிமையாளர். சமவாய்ப்பு வேண்டும் என்று வற்புறுத்தும் புள்ளியியலாளர் சாம்போவுக்கு நூற்றில் 99 வாய்ப்பும் மற்ற ஒவ்வொன்றுக்கும் 4,900இல் ஒன்றும் கொடுக்கிறார். சாம்போவே தேர்வாகிறது. வாய்ப்பின் தலைகீழால் பெருக்கும் விதிப்படி 50 யானைகளின் மொத்த எடை சாம்போவின் எடையைவிடச் சற்றே அதிகம் என்று வருகிறது. அளக்கும் பொருளோடு ஒட்டாத வாய்ப்புகளைக் கொடுத்துவிட்டு எடையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். நம் மாதிரியில் ஒரு குழந்தையின் எடை 25, இன்னொன்றின் எடை 400 என்று வந்தால் உடனே நின்று, அந்த ஊரின் பட்டியலைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

19 பேர் போதுமா? ஒதுக்கீடு போதுமா?

தொகுதித் தரச் சோதனை தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாட்ஜும் ரோமிக்கும் சரக்குத் தொகுதிகளைச் சோதிக்க உருவாக்கிய வழியை 1980களில் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியில் 19 குழந்தைகளைச் சமவாய்ப்பில் பார்க்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி இருந்தால் பகுதி தேறியது. உண்மை நிலவரம் 80 சதவீதமாக இருந்தும் தேறாமல் போகும் வாய்ப்பும், 50 சதவீதமாக இருந்தும் தேறிவிடும் வாய்ப்பும் பத்தில் ஒன்றுக்குக் குறைவு. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி என்றால் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் 65 சதவீத நிலவரத்தில் இருக்கும் பகுதி தேறுவதும் தேறாததும் ஏறத்தாழ சரிபாதி வாய்ப்பு. மாவட்டத்தின் சதவீதம் என்ன என்ற கேள்விக்கு இது விடையல்ல.

ஒதுக்கீட்டு மாதிரி வேறு வகை. இத்தனை ஆண் குழந்தை, இத்தனை பெண் குழந்தை, இத்தனை பட்டியல் சாதிக் குடும்பம் என்று விகிதத்தைப் பொருத்திவிட்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் களப்பணியாளரிடம் விட்டுவிடுவது. விகிதம் பொருந்தினால் மாதிரி பிரதிநிதியாகிவிடும் என்ற நம்பிக்கையை ஜினி, கல்வானி என்ற இரு இத்தாலியப் புள்ளியியலாளர்கள் தம்மையறியாமலே சோதித்துப் பார்த்தார்கள். 1921 இத்தாலியக் கணக்கெடுப்பின் தாள்களில் ஒரு பகுதியை மட்டும் பாதுகாக்க, 214 வட்டாரங்களில் 29ஐ, சில முக்கியப் பண்புகளின் சராசரி நாட்டோடு பொருந்துமாறு தேர்ந்தெடுத்தார்கள். பொருத்திய பண்புகள் பொருந்தின. பொருத்தாத பண்புகளில் மாதிரி நாட்டிலிருந்து விலகி நின்றது. ஜெர்சி நெய்மன் 1934இல் இதைச் சுட்டிக்காட்டி அடுக்கு மாதிரியின், அதாவது மொத்தத்தைப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலிருந்தும் சமவாய்ப்பில் எடுப்பதன், கோட்பாட்டை நிறுவினார். தடுப்பூசிக் கணக்கெடுப்பில் நாம் பொருத்த முடியாத ஒரே பண்பு தடுப்பூசிதான். அதை அறியத்தான் போகிறோம்.

பகுப்பாய்வில் எதை நம்புவது

50×8 என்று வடிவமைத்துவிட்டு, 400 பேரும் எளிய சமவாய்ப்பில் வந்தவர்கள்போலப் பிழையைக் கணக்கிட்டால் எல்லை 4 என்று வரும். உண்மையில் அது 6. செய்த நல்ல வேலை முழுவதையும் இந்த ஒரு வரி பொய்யாக்கிவிடும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே தொகுப்பும், ஸ்டேட்டா மென்பொருளின் கணக்கெடுப்புக் கட்டளைகளும் ஊர், அடுக்கு, எடை மூன்றையும் ஒருமுறை சொல்லிவிட்டால் சரியான திட்டப் பிழையை (பிழை எல்லையில் ஏறத்தாழ பாதி) தருகின்றன. அதைக் கணக்கிடும் முறை டெய்லர் தொடர் வழியா, ஜாக்நைஃபா, பூட்ஸ்ட்ராப்பா என்று நீண்ட விவாதம் நடப்பதுண்டு. 50 ஊர்களும் ஒரு சதவீதமும் உள்ள நம் கணக்கில் மூன்றும் ஏறத்தாழ ஒரே விடைதான் தரும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிடத் தக்கது பி.சி. மகாலனோபிஸ் வங்காளத்துச் சணல் கணக்கெடுப்புகளில் வளர்த்த வழி. மாதிரியை ஒன்றோடொன்று ஊடுருவும் இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் குழுவிடம் கொடுப்பது. ஒரு குழு 71 சதவீதம் என்றும் மற்றது 77 என்றும் கொண்டுவந்தால் சராசரி 74, திட்டப் பிழையின் மதிப்பீடு இடைவெளியில் பாதி, அதாவது 3. இரண்டே எண்களிலிருந்து வரும் மதிப்பீடு என்பதால் அது ஆட்டம் காணும். திட்டப் பிழைக்கு மென்பொருளையே நம்பலாம். ஆனால் 60க்கும் 85க்கும் இடையிலான இடைவெளி வந்தால், ஒரு குழு தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுதுகிறது, மற்றது தாயின் நினைவைக் கேட்டு எழுதுகிறது என்பதுபோன்ற களக்கோளாறு உடனே வெளிப்படும். எந்த மென்பொருளும் அதைக் காட்டித்தராது. 10 பேர் கொண்ட களக்குழுவை இரண்டாகப் பிரிப்பதற்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

ஒன்றியவாரியாக எண் கேட்டால்

அறிக்கை தயாரானதும் மாவட்ட அலுவலகம் கேட்கும் அடுத்த கேள்வியையும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்: "ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் சதவீதம் வேண்டும்." 10 ஒன்றியங்கள் என்றால் ஒன்றியத்துக்கு 5 ஊர்கள், 40 குழந்தைகள், ஏறத்தாழ 18 பேரின் வலு. 80 சதவீதம் என்று வரும் எண்ணுக்கு இருபுறமும் 18 புள்ளி இடைவெளி இருக்கும். அந்த எண்ணைத் தரக் கூடாது. தந்தால் யாரோ ஒரு வட்டார மருத்துவ அலுவலர் அதற்காகத் திட்டு வாங்குவார்.

ஒன்றியவாரியாக எண் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. ஒன்றியம் ஒவ்வொன்றையும் தனி அடுக்காக்கி ஊர்களைப் பல மடங்கு கூட்டலாம். அதற்குப் பணம் வேண்டும். பதிவேட்டுத் தரவுகளைத் துணையாகக் கொண்டு ஒவ்வொரு ஒன்றியத்தின் நிலவரத்தையும் கணித்துச் சொல்லும் சிறுபகுதி மதிப்பீடு செய்யலாம். அதற்குத் தேர்ந்த புள்ளியியலாளர் வேண்டும், பதிவேடு தவறவிட்டவர்களை அது மீட்டுத்தராது. மூன்றாவது, மாவட்டச் சதவீதத்துக்கு 40×8, அதோடு ஒன்றியத்துக்கு 19 குழந்தைகள் என்ற தரச் சோதனை. 4.8 லட்சத்தோடு கூடுதலாக 190 பேட்டிகளும் அவற்றுக்கான பயணமும். 19 பேரும் ஒரே ஊரில் இருந்துவிடாமல் வெவ்வேறு ஊர்களிலிருந்து வர வேண்டும். பணம் இவ்வளவுதான் என்றால் நான் இந்த மூன்றாவதையே எடுப்பேன். மாவட்டத்துக்கு ஒரு சதவீதமும் அதன் பிழை எல்லையும், ஒன்றியங்களுக்குத் தேறியது அல்லது தேறவில்லை என்ற முடிவும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இடம்பெறட்டும். தேறாத ஒன்றியங்களின் ஊர்ப் பட்டியல்களில் குறித்துவைத்த சூளைகளும் காலனிகளும் அடுத்த மாதத் தடுப்பூசி முகாமின் பயணத் திட்டத்துக்கு நேரே போகட்டும்.